சக்கர வீடு - 17: எலும்பில்லாத கூரை

போன வருடம் ஜூலை மாதம், சவுத் டகோட்டாவில் ஐ-90 நெடுஞ்சாலை. காரின் பின்னால் எங்கள் முட்டை வண்டி. மேற்கே போகப் போக எதிர்க்காற்று கூடிக்கொண்டே வந்தது. எங்களைத் தாண்டிப் போன ஒரு லாரி டிரைவர் நீளமாக ஹாரன் அடித்து, விரலை மேலே காட்டிவிட்டுப் போனார். "வண்டி அழகா இருக்குன்னு சொல்றார் போல" என்றார் என் வீட்டுக்காரர். நானும் பதிலுக்குக் கையாட்டினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சேம்பர்லின் ஊருக்குப் பக்கத்தில், மிசௌரி ஆற்றைப் பார்த்தபடி ஓர் ஓய்விடம் இருக்கிறது. 50 அடி உயரத்தில், முதுகுக்குப் பின்னால் போர்வையை விரித்தபடி நிற்கும் பூர்வகுடிப் பெண்ணின் எஃகுச் சிலை அங்கே இருக்கிறது. மகள் சிலையைப் பார்க்க ஓடினாள். நான் திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தேன். கூரையில் முன்பக்க சோலார் பேனல், பாத்திரத்தின் மூடி பாதி திறந்த மாதிரி அண்ணாந்து நின்றது.

ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன். முன்கால்கள் இரண்டிலும் திருகே இல்லை. பின்கால் திருகுகள் விரலாலேயே கழன்று வந்தன. அந்த 7 கிலோ கண்ணாடியும் அலுமினியமும் இன்னும் ஒரு மணி நேரம் காற்றோடு மல்லுக்கட்டியிருந்தால் எங்கே போய் விழுந்திருக்கும்? வழி நெடுக எங்கள் பின்னாலேயே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. அதன் பின்புறம் குழந்தைகளின் சைக்கிள்கள் இரண்டு கட்டியிருந்தன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குற்றம் யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். வீடியோ பார்த்து, நாலு இசட் வடிவ கிளிப், நாலைந்து தகட்டுத் திருகு, கொஞ்சம் பசை என்று ஒரே மதியத்தில் மாட்டினேன். முடித்துவிட்டுப் பெருமையாக போட்டோ வேறு எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் "நல்லாருக்கு கண்ணு" என்று மட்டும் பதில் போட்டார். அப்பா "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மினசோட்டாவின் பேக்கஸ் என்ற சிற்றூரில் தயாராகும் ஸ்கேம்ப், 13 அடி நீளம். பழைய வண்டியாக வாங்கினோம். இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கெல்லாம் மூத்தது கனடாவின் வின்னிபெக்கில் 1968-ல் பிறந்த போலர். அதை உருவாக்கிய ரே ஓலெக்கோ அதற்கு முன்பு ஃபைபர் கிளாஸில் செப்டிக் டேங்க் செய்தவர். தொட்டி செய்த அதே வித்தையில் வீடும் செய்துவிட்டார்! மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, இரண்டையும் இடுப்பில் சேர்த்து ஒட்டினால் வண்டி. பார்த்தால் முட்டை. உள்ளே மரச்சட்டம் கிடையாது, இரும்புச் சட்டம் கிடையாது. ஓடுதான் சுவர், ஓடுதான் கூரை. எடை குறைவு. மூட்டுகள் குறைவு என்பதால் ஒழுகும் இடமும் குறைவு. நாமாகத் துளை போடாத வரைக்கும்!

சோலார் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வருடம் அப்பா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். வயது 71. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா அவருக்கு உண்டு. ராத்திரி முழுக்க முகத்தில் மாஸ்க், பக்கத்தில் காற்றழுத்தும் சிபாப் மெஷின். கரன்ட் இல்லாத இடத்தில் தங்கினால் பேட்டரிதான் கதி. ஈரப்பதமூட்டும் ஹீட்டரை அணைத்துவிட்டால் அந்த மெஷின் ஓர் இரவுக்கு 20 முதல் 25 ஆம்பியர்-அவர் தின்கிறது. எங்கள் பேட்டரி 100. விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்தால் மூன்றாவது இரவே தள்ளாடும். ஜெனரேட்டர் வைக்கலாம்தான். ஆனால் தேசியப் பூங்காக்களின் முகாம்களில் ராத்திரி நேரம் அமைதி நேரம், அதைப் போட விடமாட்டார்கள். போட விட்டாலும் அப்பா மூச்சுக்காக நூறு பேர் தூக்கத்தைக் கெடுக்க மனசு வருமா? பேட்லேண்ட்ஸ் பூங்காவுக்கு நான்கு இரவு போவது என்று முடிவானது. கூரையை ஒழுங்காகச் செய்தாக வேண்டும்.

இங்கே அப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் ஓடும் தனியார் பஸ்களின் உடம்பு பெரும்பாலும் கரூரில் கட்டியது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வந்த மூன்றாம் நாள், ஜெட்லாக் போகும் முன்பே, டீ கிளாஸோடு வண்டியைச் சுற்றி வந்தார். ஏணியில் ஏற விடவில்லை என்று என்மேல் கோபம். கீழே நின்று கையை நீட்டி, எட்டிய இடத்தில் விரல் முட்டியால் தட்டினார். கொஞ்சம் தள்ளித் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"எலும்பு எங்க கண்ணு இருக்குது?"

"எலும்பே இல்லீங்கப்பா. வெறும் ஓடுதான்."

"பின்ன எதுல திருகுன?"

பதில் சொல்ல முடியவில்லை. பஸ் கூரையில் குறுக்கே வளைந்த கம்பிச் சட்டங்கள் இருக்கும். கேரியர் மாட்டினாலும் ஏணி மாட்டினாலும் அந்தச் சட்டத்தில்தான் பிடிமானம். நான் திருகியதோ மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள ஃபைபர் ஓட்டில். மரத்தைப் போலத் திருகின் மரையைக் கவ்விப் பிடிக்க அதற்குத் தசை இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் துளையின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்து, கடைசியில் திருகு சும்மா நின்றுகொண்டிருக்கும்.

அதே வண்டியில் அவரைக் குஷிப்படுத்திய விஷயமும் உண்டு. ஓட்டின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் வரிசையாக இருக்கும். ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே பாப் ரிவெட். அலமாரிகளை ஓட்டோடு சேர்த்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். "அட, நம்ம ஆளுக!" என்றார்.

சரி, காற்று எவ்வளவு இழுக்கும்? கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், பயப்படத்தான் சொல்கிறேன். 100 வாட் பேனல் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் அதன்மேல் முழுசாக விழுந்தால் சுமார் 25 கிலோ விசை. எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் அடித்தால் பேனலுக்கு அது 130 கி.மீ. காற்று, விசை 40 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதுதான் கணக்கு. சவுத் டகோட்டாவின் ஐ-90-ல் வேக வரம்பு மணிக்கு 80 மைல், அதாவது 130 கி.மீ.க்குச் சற்றே குறைவு. நாங்கள் டிரெய்லரோடு அவ்வளவு வேகம் போவதில்லை. ஆனால் பக்கத்தில் போகும் பெரிய லாரிகள் ஒவ்வொன்றும் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் போகின்றன. 7 கிலோ பேனல்தானே, பசையே தாங்கும் என்று நினைத்தது அதனால்தான் தப்பு. கீழே அழுத்தும் எடையைவிட மேலே பிடுங்கும் காற்றைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

துளையே போடாமல், பசை டேப்பில் மட்டும் ஒட்டி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். விஹெச்பி என்ற அந்த டேப்பைத் தயாரிக்கும் த்ரீ எம் எங்கள் மினசோட்டா கம்பெனிதான். அசையாமல் தொங்கும் எடைக்கே கிலோவுக்கு 55 சதுர செ.மீ. டேப் வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. 7 கிலோவுக்கு ஏறக்குறைய 400 சதுர செ.மீ. என் நான்கு கிளிப்களின் பாதங்களை எல்லாம் சேர்த்தாலே 100 தேறாது. குளிரில் ஒட்டக்கூடாது, 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். ஒட்டிய உடனே பலம் வராது. 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில்தான் முழுப் பிடி. நானோ ஒட்டிய மறுநாள் காலையில் வண்டியை எடுத்தவள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கூரையின் வளைவு. முட்டையின் மேல் தட்டையான பாதத்தை வைத்தால் நடுவில் ஒரு கோட்டில்தான் தொடும். மிச்சமெல்லாம் அந்தரம். அப்புறம் பழைய வண்டி என்றால் மேல்பூச்சு வெயிலில் வெளுத்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டும். அந்த மாவின் மேல் எந்தப் பசையை ஒட்டினாலும் பசை மாவைத்தான் பிடிக்கும், கூரையை அல்ல. அப்பா சொன்னது இன்னும் தெளிவு: "சுண்ணாம்பு உதிர்ற சுவத்துல போஸ்டர் ஒட்டுனா, போஸ்டர் கிழியாது, சுண்ணாம்போட வந்துரும்."

ஆகவே புதிய திட்டம். ஒவ்வொரு பேனலுக்கும் குறுக்கே இரண்டு அலுமினிய எல் ஆங்கிள். ஒவ்வோர் ஆங்கிளுக்கும் கூரையைத் துளைத்து உள்ளே இறங்கும் மூன்று ஸ்டெயின்லெஸ் போல்ட். இரண்டு பேனலுக்கு மொத்தம் 12 துளை. உட்பக்கம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நான்கு அங்குலச் சதுரத்தில், 3 மி.மீ. கனத்தில் ஓர் அலுமினியத் தகடு, அதன் மேல் வாஷர், நைலான் வளையம் வைத்த நட். "எலும்பு இல்லைன்னா நாமளே வெச்சுக்கணும்" என்றார் அப்பா. பிடுங்கும் விசை ஒரு புள்ளியில் விழாமல் தகடு முழுக்கப் பரவும். தகட்டின் மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும், கூர் மூலை ஓட்டைக் கீறிவிடும். இந்த அரம் தேய்க்கும் வேலை முழுக்க அப்பாவுடையது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு நாள் தேய்த்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவும் ஒரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துகொண்டார். இவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அவர் தன் வீட்டிலிருந்து நல்ல அரம் ஒன்று கொண்டு வந்து கொடுத்தார்.

வளைவுக்கு என்ன செய்தோம்? காலை உணவுச் சீரியல் டப்பாவின் அட்டையைக் கூரையின் குறுக்கே வைத்து வளைவை வரைந்து வெட்டினேன். அதைப் பார்த்து அப்பா ஆங்கிளுக்கும் கூரைக்கும் நடுவே வைக்கும் அலுமினியத் துண்டுகளை இடத்துக்கு இடம் வேறு வேறு கனத்தில் செய்து கொடுத்தார். பட்டறை பாஷையில் பேக்கிங். இதைச் செய்யாமல் நட்டை முடுக்கினால் ஆங்கிள் நேராகவே நிற்கும், கூரைதான் அதை நோக்கி வளைந்து மேலே வரும். பிறகு ஒரு குளிர் ராத்திரியில் விரிசல் விடும்.

கூரை மேல் ஏறி நிற்கக்கூடாது, உட்காரவும் கூடாது. பக்கவாட்டில் ஏணி போட்டு, எட்டி எட்டித்தான் வேலை. துளை போடும் இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டிரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டு மேல்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் நேராகச் சுற்றவிட்டு இறக்குங்கள். எடுத்த எடுப்பில் இறக்கினால் பூச்சு சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாக விரித்துவிட்டால் அந்தப் பள்ளத்தில் சீலன்ட் தங்கும். முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். நான் அரைக்கையோடு நின்று முதல் மூன்று துளை போட்டேன். கண்ணாடி நார்த் தூசி ராத்திரி முழுக்க அரித்தது.

உள்ளே ஒரு கண்ணி இருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூரையின் உட்புறம் துணியும் அதற்கு மேல் மெத்தென்ற வெப்பத்தடுப்பு ஷீட்டும் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே தகட்டை வைத்து முடுக்கினால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். மெத்து நாளாக நாளாக அமுங்க, நட் தளரும். அதனால் தகடு உட்காரும் அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்து, தகட்டை நேராக ஃபைபர் மேலேயே வைத்தோம். வெட்டிய துணியை மேலே திரும்ப ஒட்டிவிட்டோம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். போன வருடம் அந்தத் திருகுத் துளைகள் வழியாக மெத்தையில் சொட்டியது இன்னும் மறக்கவில்லை. வெளுத்த பூச்சைத் தேய்த்து, ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்டுத் துணியில் மாவு வராத வரைக்கும் துடைத்தோம். ஆங்கிளின் அடியில் பாலியூரித்தேன் பசை. போல்ட்டைச் சுற்றிச் சூயிங்கம் மாதிரி இருக்கும் பியூட்டில் டேப். மேலே, தானாகவே பரவி மட்டமாகும் கூரை சீலன்ட். பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கானை மட்டும் கூரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பின்னால் அதை எடுத்தாலும் அதன் எண்ணெய்ப் பிசுக்கு போகாது, அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. கல் மாதிரி இறுகும் எபாக்ஸியும் வேண்டாம் என்றார் அப்பா. ஒரு மீட்டர் அலுமினியம் 50 டிகிரி சூட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மினசோட்டாவின் பனிக்கும் சவுத் டகோட்டாவின் வெயிலுக்கும் நடுவில் அது நீண்டும் சுருங்கியும் கிடக்கும். ரப்பர் போல இழுத்துக் கொடுக்கும் பசைதான் அதற்குச் சரி. நட்டை ஒரே மூச்சில் முடுக்கவில்லை. முதல் நாள் பாதி, பியூட்டில் பிதுங்கி அடங்கிய பிறகு மறுநாள் மீதி. ஒரு வாரம் வண்டியை அசைக்கவே இல்லை.

வளையும் பேனல் வாங்கி அப்படியே கூரையில் ஒட்டிவிட்டால் இவ்வளவு வேலை இல்லையே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எடை குறைவு, காற்றும் பிடிக்காது, உண்மைதான். ஆனால் அடியில் காற்று ஓட வழியில்லாமல் சூடேறும். சூடேற ஏறப் பேனலின் மின்சாரம் குறையும். சீக்கிரமே பழுதாகவும் செய்யும், அப்போது ஒட்டியதைப் பிய்த்தெடுப்பது பெரிய கூத்து. எங்கள் பேனலுக்கு அடியில் இரண்டு விரல்கட்டை இடைவெளி விட்டோம். முன்விளிம்புக்கு எதிரே மட்டும் ஒரு சரிவான பட்டையை ஆங்கிளில் மாட்டி, காற்று நேராக உள்ளே புகாமல் மேலே வழுக்கிப் போகும்படி செய்தோம். ஒயரிங் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: ஒயர் இணைக்கும்போது பேனலைப் போர்வையால் மூடிவிடுங்கள். வெயில் பட்டால் அது எப்போதும் உயிரோடுதான் இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அப்பா கேட்டார், "இத்தனையும் மீறிப் பிச்சுக்கிட்டா?"

"பிச்சுக்காதுங்கப்பா."

"போன வருசமும் இதத்தான சாமி நெனச்ச?"

ஒவ்வொரு பேனலின் சட்டத்திலிருந்தும் ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பிக் கயிறு. அதன் மறுமுனை அந்தப் பேனலின் ஆங்கிளில் இல்லை, தனியாகத் தகடு வைத்துப் போட்ட இன்னொரு போல்ட்டில். ஆக 14 துளை. போல்ட் எல்லாம் போனாலும் பேனல் கூரையிலேயே கிடந்து உடையுமே தவிர, பின்னால் வருகிறவர் கண்ணாடியில் போய் விழாது. லாரியில் தார்ப்பாய்க்கு மேலே இன்னொரு கயிறு போடுகிற மாதிரிதான்.

கடைசியாக, பேனலை ஆங்கிளோடு பிடிக்கும் எட்டு போல்ட்டிலும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு. நட் இம்மி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். பட்டறையில் பெயின்ட் வைப்பார்களாம். எங்களிடம் இருந்தது மகளின் ரோஸ் கலர் நெயில் பாலிஷ். அதைத் தாத்தாவிடம் கொடுப்பதற்கு அவள் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டாள்.

கிளம்பிய முதல் 80 கி.மீ.யில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தோம். அப்புறம் பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்த்தோம். பேட்லேண்ட்ஸில் சேஜ் கிரீக் முகாமுக்குப் போகும் பாதை தார் போடாத சரளைப் பாதை. வண்டி சலங்கை கட்டிய மாதிரி குலுங்கியது. அங்கே கரன்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, எருமைக் கூட்டம்தான் இருக்கிறது. நான்கு ராத்திரியும் பக்கத்துப் படுக்கையில் சிபாப் மெஷின் உஸ்... உஸ்... என்று ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. முதல் ராத்திரி நான் இரண்டு தடவை எழுந்து மீட்டரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் பேட்டரி மறுபடி நிறைந்துவிட்டது. நான்காவது ராத்திரி எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வரும்போது அதே சேம்பர்லின் ஓய்விடத்தில் நிறுத்தினோம். மகள் செல்ஃபி ஸ்டிக்கில் போனை மாட்டிக் கூரைக்கு மேலே நீட்டி வீடியோ எடுத்தாள். தாத்தாவும் பேத்தியும் பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணினார்கள். எட்டுக் கோடு. ஒன்றும் முறியவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏழாவத இன்னொருக்காக் காட்டு" என்றார்.